பதினேழு ராத்திரியை வெயிலில் காயவைத்தேன்

1

சேக்காடு படிப்பகத்துக்காரர்கள் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி லெட்டர் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் தெருக்காரர்கள் என்று ஒரு பகுதியாம். என்னை எதற்குக் கேட்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் எட்டாவதோடு நின்றவன். டாக்டர், என்ஜினியர் என்று ஊரில் இருந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்டால், ஒன்று அவர்கள் யாரும் எழுதித் தரவில்லை, இல்லையென்றால் என் பழைய கதையை வைத்துச் சிரிக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கதை சேக்காட்டில் எல்லாருக்கும் தெரியும். புதிதாகக் குடி வந்தவர்களுக்குத் தெரியாது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். அடுத்தவன் வாயால் வருவதைவிட அது பத்திரம்.

ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. என் சம்சாரம் வசந்தா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது, கூடவே நானும் வந்தேன், எங்கள் பெண் கவிதாவும் வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் திருகாணி கம்பெனியில் பேக்கிங் பார்த்தவனுக்கு இங்கே என்ன கிடைக்கும்? கூட்டிப் பெருக்கும் வேலைதான். அதிலும் இரண்டு இடத்தில் போய்விட்டது. முதல் இடத்தில் ஒரு நாள் கேஸ் வாசனை வருகிறது என்று சொல்லி நாலு மாடி ஆபீஸையும் காலி பண்ண வைத்தேன். தீயணைப்பு வண்டி வந்தது. அது தரைக்குப் போட்ட புது மெழுகு வாசனையாம். இரண்டாவது இடத்தில் நடந்ததை எழுத வேண்டாம், அதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இது மூணாவது வேலை. ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுவோம் என்றார்கள். அந்த ஆறாவது மாசத்தின் கடைசி வாரத்தில்தான் பதினேழு வட்டத் தாள்களை எடுத்து வெயிலில் காயப்போட்டேன்.

2

என் வேலை இடம் ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கிறது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு ரூம், மொட்டை மாடியில் குழாய்களும் பெட்டிகளும். சுற்றி எங்கே பார்த்தாலும் தைல மரம். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் திக்கென்றது. நம்ம தெருக்கோடித் தோப்பு கடல் தாண்டி என் பின்னாலேயே வந்துவிட்டதா என்றிருந்தது. கீழே சரிவில் பெரிய ரோடு, ராத்திரி பகல் பார்க்காமல் லாரி. அதுவும் நம்ம ஊர் மாதிரியேதான்.

அங்கே ஹெலன் என்று ஒரு பெண் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசிருக்கும். பம்பு ஒன்று ராத்திரி முழுக்கக் காற்றை இழுத்து ஒரு வட்டமான வெள்ளைத் தாள் வழியாக விடும். காலையில் சூரியன் எழும்புவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கழற்றி, கைபடாமல் இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, தேதி எழுதி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பெருக்கித் துடைப்பதோடு இதையும் என்னிடம் கொடுத்தாள். ஏன் என்னிடம் கொடுத்தாள் என்று எனக்கு முதல் வாரம் முழுக்கச் சந்தேகம். படித்தவர்கள் செய்ய வேண்டியதைப் படிக்காதவன் கையில் கொடுத்தால், அதில் கை வைக்கக் கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கழற்றும்போது அந்தத் தாள் டீ சிந்திய மாதிரி மஞ்சள் பழுப்பாக இருக்கும். மாட்டும்போது பால் வெள்ளை. ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இது என்ன விஷம்?"

"விஷமா? மரத்தோட வாசனை, மணி" என்றாள்.

அவள் சொன்னது எல்லாம் இங்கிலீஷில். எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன். நம்ம இட்லிப் பானை மூடியில் ஆவி படிந்து துளியாகிற மாதிரி ஒன்று காற்றிலும் நடக்கிறதாம். மரம் விடும் வாசனை கண்ணுக்குத் தெரியாத ஆவி. லாரிப் புகையில் இருந்து வேறொரு ஆவி வருகிறது. அந்த இரண்டாவது ஆவி வெயிலில் நிற்காது, உடைந்து போகும், இருட்டில்தான் தலை தூக்கும். ராத்திரி இரண்டும் சேர்ந்தால் ஆவி ஆவியாக இருப்பதில்லை, பிசுபிசுவென்று ஒரு பொடி ஆகிறது. தலைமுடியை நூறாகப் பிளந்தால் வருகிற பருமன்கூட இல்லாத பொடி. அதுதான் தாளில் படிகிற பழுப்பு.

"காலையில் என்ன ஆகும்?"

"அதைத்தான் நான் படிக்கிறேன். வெயில் பட்டதும் பொடி மாறுது. நிறம் வெளுக்குது. கொஞ்சம் உடைஞ்சு திரும்பவும் ஆவியாப் போகுது. மிச்சம் இருக்கிறது ராத்திரி இருந்த பொருளே இல்லை. எவ்வளவு நேரத்துல எவ்வளவு மாறுதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது."

"உடைஞ்சு போறது எங்க போகுது?"

"காற்றிலேயேதான். வேற எதோடயாவது சேர்ந்து வேற ஒண்ணு ஆகும்."

"மூச்சுல போனா?"

"இன்னும் தெரியல" என்றாள்.

இந்த "இன்னும் தெரியல" இருக்கிறதே, அதை நான் வாழ்க்கையில் பல ஆபீசர் வாயில் கேட்டிருக்கிறேன். அன்றில் இருந்து கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டுதான் தாள் மாற்றினேன். ஹெலன் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் சந்தேகம் இன்னும் கூடியது.

3

இப்போது பழைய கதை.

எண்பத்து நாலு கடைசியில் வடக்கே விஷவாயு கசிந்து ஜனங்கள் செத்த செய்தி வந்தது நினைவிருக்கும். பேப்பரில் வந்த படங்களை நான் வெட்டி வைத்திருந்தேன். கவிதா பிறந்து மூணு மாசம். எங்கள் ஊட்டுக்குப் பின்னால் தைலத் தோப்பு, தோப்பைத் தாண்டி லாரி ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ரப்பர் கம்பெனி. அந்தக் கம்பெனியில் பாய்லர் பார்த்தவர் தாஸ் அண்ணாத்தே. அவர் ஊடும் எங்கள் ஊடும் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் இருந்து "நூறாயுசு" என்பார்.

மார்கழி, தை மாசத்தில் விடிந்ததும் தோப்புக்குள் நீலமாக ஒரு மூட்டம் நிற்கும். எப்போதும் நிற்பதுதான். அந்த வருஷம்தான் அது என் கண்ணில் பட்டது. மூட்டத்தில் தைல வாசனையும் கலந்து வேறு ஏதோ ஒரு காந்தலும் இருந்தது. ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறினதும் போய்விடும். போய்விடுவதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். நல்ல பனியாக இருந்தால் இலையில் சொட்டாவது நிற்க வேண்டாமா? தடயமே இல்லாமல் போகிறது என்றால் யாரோ ராத்திரி திறந்துவிட்டு, விடிந்ததும் மூடுகிறார்கள்.

தாஸ் அண்ணாத்தேயிடம் கேட்டேன்.

"அண்ணாத்தே, ராத்திரில உங்க கம்பெனில இன்னா வுடறீங்க?"

"ராத்திரில இன்னாத்த வுடறது? பத்து மணிக்கு பாய்லர மூடிட்டு நான் கொறட்ட வுடறேன்."

"சிரிக்காத. எனுக்குத் தெரியும்."

"இன்னாடா தெரியும்? பத்து மணிக்கு மூடறேன். என் கையால மூடறேன். வேணும்னா வந்து பாரு."

"நீ மூடுவ. உனுக்குத் தெரியாம வேற எவனாச்சும் தொறப்பான்."

"அப்ப எனுக்கே தெரியாததை என்ன எதுக்கு கேக்கற, மச்சான்?" என்று அவர் சிரித்தார். உள்ளே இருந்து அவர் சம்சாரமும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறைக்கிற சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் மூட்டம் தோப்பைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. கவிதா தூக்கத்தில் இரண்டு தரம் இருமினாள். அவ்வளவுதான். குழந்தையை ஈரத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். வசந்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "கேஸ்! கேஸ்! எல்லாம் ஓடுங்க!" என்று கத்தியபடி ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன். வசந்தா குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், தெருவில் சத்தமாகப் பேசிக்கூடப் பழக்கம் இல்லாதவள். ஒரு காலில் செருப்பு இல்லாமல் அழுதுகொண்டே வந்தாள். என் பேச்சை நம்பி ஏழு குடும்பம் பின்னாலேயே ஓடி வந்தது. ஒருத்தர் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார். பிளாட்பாரத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தோம். பத்து மணிக்கு வெயில் வந்தது. டீக்காரர் வந்தார். டீ குடித்துவிட்டு ஒவ்வொருத்தராகத் திரும்பிப் போனார்கள்.

"கேஸ் மணி" என்ற பேர் அன்றைக்கு வந்தது. நான் ஊரை விட்டுக் கிளம்பும் வரைக்கும் போகவில்லை. "மாமே, ஸ்டவ்வு பத்தவெக்கட்டுமா, இல்ல ஸ்டேஷனுக்கு ஓடட்டுமா?" என்று என் காதுபடவே கேட்பார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். நான் விடவில்லை. மனு எழுதி, கையெழுத்து வாங்கி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். ஒரு ஆபீஸில் நிரப்பின பாரம் தப்பு, இன்னொரு ஆபீஸில் இது எங்கள் எல்லை இல்லை, மூணாவதில் மனு வாங்குகிறவர் லீவு. இரண்டு மாசம் கழித்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். எந்த ஆபீசர்தான் விடியற்காலையில் வருவார்? பதினோரு மணிக்கு வந்தார். தோப்பில் வெயில் பளிச்சென்று அடித்தது. ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "நல்ல காத்துதான் வருது, சளிக்கு நல்லது" என்று எழுதிக்கொண்டு போனார்.

மனுவில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன். ராத்திரியில் வால்வு திறக்கப்படுவதை அங்கே வேலை செய்பவரே ஒப்புக்கொண்டார் என்று. தாஸ் அண்ணாத்தே அப்படிச் சொல்லவே இல்லை. வேறு எவனாச்சும் திறப்பான் என்று சொன்னதே நான்தான். மனு கனமாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். அது கம்பெனிக்காரன் கைக்குப் போனது. இவன் வெளியே பேசுகிற ஆள் என்று அவரைப் பாய்லரில் இருந்து எடுத்து கேட்டில் நிற்க வைத்தார்கள். பதினெட்டு வருஷம் பாய்லர் பார்த்தவர் வருகிற லாரிக்குக் கதவு திறந்துவிட்டார்.

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரு தடவை சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "மணி, நான் பத்து மணிக்குத்தான் மூடினேன். இப்பவாச்சும் நம்பறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

4

வருகிறேன் இந்த ஊருக்கு.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் மலையில் புயல் மழை. காலையில் போய்ப் பார்த்தால் கரண்டு இல்லை, குளிர்பெட்டிக்குக் கீழே தண்ணீர். திறந்தேன். உள்ளே இருந்த பதினேழு பொட்டலமும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பதினேழு ராத்திரி. ஹெலன் டவுனில் இருந்தாள், மத்தியானம்தான் வருவாள். போனும் வேலை செய்யவில்லை.

குளிர்பெட்டி நின்றதற்கு என்னைத்தான் சொல்லுவார்கள். வெள்ளிக்கிழமை என் ஆறு மாசம் முடிகிறது, மேனேஜர் கையெழுத்துப் போடணும். வேலையை விட்டு அனுப்ப ஒரு காரணம் வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தால் இது அல்வா மாதிரி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். தாள் ஈரம். ஈரமாக மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் என்ன செய்வோம்? அரிசியோ, தலையணையோ, மழையில் நனைந்த ரேஷன் கார்டோ, எதுவானாலும் நமக்கு ஒரே வைத்தியம்தானே.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பையில் இருந்த என் வேட்டியை மொட்டை மாடியில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். பதினேழு தாளையும் இடுக்கியால் எடுத்து அப்பளம் போடுகிற மாதிரி வரிசையாகப் பரப்பினேன். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு வலை. இங்கே வெள்ளைக் கொண்டைக் கிளிகள் எதையும் கொத்தும், அதனால் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைத்தேன். நம்ம ஊட்டில் வடாத்துக்குக் காக்கா வராமல் வைப்பார்களே, அதேதான். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பியும் போட்டேன். இவ்வளவு பொறுப்பாக எவன் பார்ப்பான் என்று எனக்கே ஒரு பெருமை.

இரண்டு மணிக்கு ஹெலன் மாடிக்கு ஏறி வந்தாள். குடையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது.

அப்போதுதான் நானும் தாளைச் சரியாகப் பார்த்தேன். பழுப்பெல்லாம் போய், ஓரம் மட்டும் லேசாக மஞ்சள் தட்டி, கிட்டத்தட்ட வெள்ளையாகக் கிடந்தது. வெயில் படக் கூடாது என்றுதானே விடியற்காலையில் எழுந்து வரச் சொன்னாள், அலுமினியத் தாளில் சுற்றச் சொன்னாள். ஆறு மாசமாகக் கேட்டது எல்லாம் அப்போதுதான் தலையில் இறங்கியது. பதினேழு ராத்திரியைப் பகலாக்கி வைத்திருக்கிறேன்.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

"அரை மணி" என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. அரை மணி நேரம் சின்னத் தப்பு. ஐந்து மணி நேரம் வேலையைக் காலி பண்ணும் தப்பு.

"அரை மணி நேரத்துலயா இப்படி?"

"ஆமா. இப்பத்தான் வெச்சேன்."

5

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கரண்டு வந்ததும் ஏதேதோ எடை போட்டாள். சனிக்கிழமை எடுத்து வெயில் படாமல் தன்னோடு கொண்டுபோயிருந்த பதினெட்டாவது தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மறுநாளும் அதையே செய்தாள். புதன்கிழமை காலையில் கேக் வாங்கி வந்து ஒரு பெரிய துண்டு வெட்டி எனக்குக் கொடுத்தாள்.

தப்புப் பண்ணினவனுக்கு எந்த ஊரில் கேக் கொடுப்பார்கள்? பலி ஆட்டுக்கு மாலை போடுவது எனக்குத் தெரியாதா? நான் கேக்கைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"ஏங்க, கேக்கு கொடுத்தா சாப்பிட வேண்டியதுதான? அதுலயும் விஷம் தேடுவீங்களா?" என்று சொல்லிக்கொண்டே வசந்தா அதைச் சாப்பிட்டாள். சாப்பிட்டவளை நான் ஒரு மணி நேரம் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஹெலன் ஒரு பாரம் கொண்டுவந்தாள். இங்கே ஒரு கப் உடைந்தாலும் பாரம். என்ன நடந்தது, எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், கையெழுத்து.

"வெள்ளிக்கிழமை என் புரொபசர் வர்றார். இதையும் சேர்த்து அவர்கிட்டக் காட்டணும். மணி, அரை மணி நேரத்துல இவ்வளவு மாறும்னு யாரும் நினைக்கல. நாங்க எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு வேகம். வேட்டியில என்ன இருந்ததுன்னு பார்க்கணும், மறுபடி செய்யணும், இருந்தாலும்..." அவள் கண் பளபளவென்று இருந்தது. "உன்னோட தப்பு நல்ல தப்பு."

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவளுக்குக் கண்ணி வைக்கிற எண்ணமே இல்லை. நான் அவளுக்கு வைத்த கண்ணியில் அவள் சந்தோஷமாகப் போய் விழுந்துகொண்டிருக்கிறாள்.

பாரத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது, கவிதாதான் எழுதுவாள். அவளுக்கு இப்போது பதின்மூணு முடிந்துவிட்டது. ஸ்கூலில் அவள் பேர் "கேவ்" ஆகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், நடுவில் வசந்தா. பாரம் நிரப்பும்போது மட்டும்தான் என்னிடம் தமிழில் பேசுவாள், அதனால் எனக்குப் பாரங்கள் மேல் ஒரு ரகசியப் பிரியம் உண்டு.

"எது மேல வெச்ச?"

"வேட்டி."

"வேட்டின்னு எழுதினா அவங்களுக்குப் புரியாதுப்பா. காட்டன் துணின்னு எழுதறேன். எவ்ளோ நேரம்?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

"அப்பா. எவ்ளோ நேரம்?"

"அரை மணின்னு எழுது."

அவள் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே, "அப்புறம் ஏன் அன்னிக்கு உன் கழுத்து அப்படிச் சிவந்துபோய் இருந்துச்சு? அம்மா எண்ணெய் போட்டுவிட்டாங்க" என்றாள்.

"நீ எழுதுறியா இல்லையா?"

"நான்தானே எழுதறேன். பொய்யா இருந்தா என் கையெழுத்துல இருக்கும்."

இந்தப் பெண் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. எந்த ஊட்டில் வளர்ந்தவள்? வேறு என்ன கற்றுக்கொண்டிருப்பாள்?

"வேலை போயிடும், கண்ணு" என்றேன்.

அவள் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டு மீதியை நிரப்பினாள். பாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

என் கண்ணெதிரே மனு வந்து நின்றது. அன்றைக்கு மனு கனமாக இருக்க ஒரு வரி கூடப் போட்டேன். இன்றைக்குத் தப்பு லேசாக இருக்க நாலரை மணி நேரத்தைக் குறைத்துவிட்டேன். இரண்டையும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவன் நான். வாசலில் போய் நிற்கிறவர் வேறு ஒருத்தர். ஹெலன் நாளைக்குப் புரொபசர் முன்னால் அரை மணி என்பாள். அவர் நம்பினால் அதை அச்சில் போடுவார்கள். வேறு ஊர்க்காரன் யாராவது செய்து பார்த்தால் வராது. அப்போது பொய் சொன்னவள் யார்?

கவிதாவைக் கூப்பிட்டேன்.

"ஐந்து மணி நேரம்னு போடு. காலையில ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும்."

அவள் 5 என்று எழுதினாள்.

"எழுத்தாலயும் எழுது."

"எதுக்குப்பா?"

"நம்பர யாராவது திருத்திடுவாங்க."

"அப்பா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் எழுதினாள். ஐந்து மணி.

6

வெள்ளிக்கிழமை புரொபசர் வருவதற்கு முன்னால் பாரத்தை ஹெலன் கையில் கொடுத்தேன். படித்தாள். அந்தக் கட்டத்தில் நின்றாள். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோய், "சாரி. நான் பயந்தேன்" என்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் நன்றாகக் கோடு போட்டு வரைந்து வைத்திருந்த ஒரு படம் இருந்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஐந்து மணி நேரம்னா இது எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச வேகம்தான்" என்றாள். "புதுசா ஒண்ணுமே இல்ல."

கவிழ்த்த படத்தைப் பார்த்து, "பதினேழு ராத்திரி" என்றாள். அது என்னிடம் சொன்னது இல்லை.

அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். நிரந்தரம் பண்ணவில்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. இன்னும் மூணு மாசம் பார்ப்பார்களாம். தாள் மாற்றும் வேலை இனி எனக்குக் கிடையாது, பெருக்குவது மட்டும்தான். எனக்கும் பாய்லரில் இருந்து கேட்டுக்கு மாற்றம். கணக்குச் சரிதான்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஹெலன் கார் நின்றது. ஏறிக்கொண்டேன். பாதித் தூரம் போயாயிற்று. நான்தான் ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் தோப்பு, லாரி ரோடு, குளிர் மாசம், நீல மூட்டம், பத்து மணிக்குக் காணாமல் போவது, எல்லாம் சொன்னேன். நான் ஸ்டேஷனுக்கு ஓடியதையும் சொன்னேன். ஆடு ஓடி வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது இதுதானா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். இந்தப் பொடியும் கொஞ்சம் இருந்திருக்கும். அடுப்புப் புகை இருந்திருக்கும், பனி இருந்திருக்கும். வெயில் வந்ததும் காத்து கிளம்பி மூட்டத்தைக் கலைச்சிருக்கும். அங்க யாரும் அளந்து பார்க்காம எது எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

"யாராவது ஒருத்தர் திறந்துவிட்டாத்தான் அப்படி வருமா?"

"வேண்டியதே இல்ல, மணி. மரமும் ரோடும் ராத்திரியும் போதும்."

அவள் இதைச் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சமாதானத்துக்குச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் காலையில் நான் அவளுக்குச் செய்ததற்கு என்னைச் சமாதானம் பண்ண அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால் நம்பினேன்.

7

கவிதா இதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீ பார்த்தது நிஜம்தானேப்பா, பைத்தியம் இல்லையே" என்றாள், தமிழில். இருக்கலாம். ஆனால் மூட்டம் நிஜமாக இருந்ததால் மனுவில் எழுதின வரி நிஜம் ஆகிவிடாது.

மலர் அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருவில் சமாதானமாக இருக்கிறவர்களை எதற்குக் கிளற வேண்டும் என்று இந்தக் கடைசிப் பத்தியை நீங்கள் வெட்டப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்டாதீர்கள். கேஸ் மணி கதையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். இதன் நகல் ஒன்றைத் தபாலில் நேராகச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஊட்டுக்கே அனுப்பியிருக்கிறேன், ரிஜிஸ்டர் தபாலில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும்படி.

தாஸ் அண்ணாத்தே, நீ ஒப்புக்கொண்டாய் என்று மனுவில் எழுதியது பொய். நான் எழுதிய பொய். சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ பாய்லரை மூடியது ராத்திரி 10 மணிக்கு. எவனும் திருத்தாமல் இருக்க எழுத்தாலும் எழுதுகிறேன்: பத்து மணிக்கு.